காதில் வைக்காத ஹார்ட் டிஸ்க்

மனித வரலாற்றில் ஒரு பேயை முறைப்படி காப்பி எடுத்து, பெயர் போட்டுச் சேமித்து வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. இது நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை. நேரங்களைக்கூட நினைவிலிருந்து சொல்லவில்லை. எங்கள் சாஃப்ட்வேர் நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு செய்து வைத்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பேய் என்றதும் நடுராத்திரி, கரண்ட் கட், நாய் ஊளை என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மண்டையைப் பிளக்கும் வெயில். நாய் ஒன்று இருந்தது. படிக்கட்டு நிழலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கடை ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரே ஒரு அறை. விழுந்தது, நனைந்தது, எரிந்தது என்று எந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தாலும் உள்ளே இருக்கும் கல்யாண ஃபோட்டோவையும் ஆராய்ச்சிக் கட்டுரையையும் மீட்டுக் கொடுப்பது தொழில். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்தது. நான் ஜோக்கர். கல்லூரிப் பத்திரிகையில் எல்லாரையும் நக்கலடித்து எழுதிச் சம்பாதித்த பெயர். இரண்டாவது ஆள் மொட்டை. தலை நிறைய முடி, அதனால் அந்தப் பெயர். மூன்றாவது ஆள் கெஞ்சல்.

கெஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்த டிஸ்க் வந்தாலும் அதை உடனே கம்ப்யூட்டரில் சொருக மாட்டான். முதலில் கையில் எடுப்பான். காதில் வைப்பான். மெல்ல இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்ப்பான். பிறகு அதனிடம் பேசுவான்.

“எந்திரிங்க... ஒரே ஒரு தடவை எந்திரிங்க. அப்புறம் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்.”

வாடிக்கையாளர்களிடம்கூட அவனுக்கு இவ்வளவு மரியாதை வராது. இதை வைத்து நான் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறேன். இரும்போடு பேசுகிறவன் அடுத்த மாதம் ஃபேனோடு சண்டை போடுவான், அதற்கடுத்த மாதம் குக்கரைப் பெண் கேட்டுப் போவான் என்பது அதன் சாரம். நல்ல வரவேற்பு. நான் அப்படியெல்லாம் கிடையாது. ஹெட்ஃபோனை மாட்டுவேன், பாட்டைப் போடுவேன், டிஸ்க்கைச் சொருகுவேன். இரும்பு இரும்புதான்.

மொட்டைதான் எங்கள் மூளை. உடைந்த ஃபைல்களின் துண்டுகளைத் தேடிப் பிடித்து ஒட்டவைக்கும் ஒரு சாஃப்ட்வேரை இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினான். உட்கார்ந்து என்பது தவறு. அறைக்குள் நடந்துகொண்டே, கையில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, தோன்றுவதையெல்லாம் பேசிப் பதிவு செய்வான். “நோட்டு முப்பத்தி ரெண்டு. நோட்டு முப்பத்தி மூணு.” அதையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைப்பான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தான். நாலாம் நாள் இல்லை.

“மொட்டை பாதியில விட்டுட்டான்டா. மீதியை நான்தான் முடிச்சேன்,” என்றான் கெஞ்சல். நம்பினேன். ஏன் நம்பக்கூடாது? டிஸ்க்குக்கே மரியாதை கொடுக்கிறவன். அந்த சாஃப்ட்வேரைக் காட்டி அவனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. கேக் வாங்கி வந்து கொண்டாடியவன் நான். திங்கட்கிழமை விடியற்காலை அவனுக்கு ஃப்ளைட்.

அதற்கு முந்தின நாள்தான் அந்த ஞாயிறு.

மதியம் 1:10. மொட்டையின் அக்கா படியேறி வந்தார். பையிலிருந்து, துண்டில் சுற்றியிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தார்.

“தம்பி, இதுல அவன் குரல் இருக்குமா?”

“இருக்கும்க்கா. நோட்டு நோட்டா பேசி வச்சிருப்பான்.”

“அம்மாவுக்கு அவன் முகம் ஞாபகம் இருக்கு, சிரிப்பு ஞாபகம் இருக்கு. குரல் மட்டும் வர மாட்டேங்குதாம். எப்படிப் பேசுவான், எப்படிப் பேசுவான்னு என்னையே கேட்டுட்டிருக்காங்க. அவன் யாருக்கும் வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பினதில்ல. இது ஒண்ணுதான் இருக்கு.”

“டிஸ்க்குக்கு என்ன ஆச்சு?”

“கீழ விழுந்துடுச்சாம். அவன் ரூமைக் காலி பண்ணது உங்க கெஞ்சல்தானே. எல்லாத்தையும் கட்டிக் குடுத்தான், இது மட்டும் வரல. நான் கேட்டப்புறம் தேடிக் கொண்டாந்து குடுத்தான். கை தவறிடுச்சுக்கான்னு கண்ணு கலங்கிட்டான், பாவம்.”

டிஸ்க்கைப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் உறை. ஒரு கீறல் இல்லை.

விழுந்த பொருளுக்கு ஒரு கீறல்கூட இல்லையே என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

“சாயங்காலம் வாங்கக்கா. குரலோட போவீங்க,” என்று மார்தட்டி அனுப்பினேன்.

1:35. கெஞ்சலுக்கு ஃபோன் போட்டேன்.

“மொட்டையோட டிஸ்க் வந்திருக்குடா. வர்றியா?”



“அது எந்திரிக்காதுடா. விட்டுடு.”

“காதுல வச்சுக் கெஞ்சிப் பாத்தியா?”

வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிப்பான்.

“இல்ல. நேரமில்ல. பேக்கிங் இருக்கு.” வைத்துவிட்டான்.

1:42. ஹெட்ஃபோனை மாட்டினேன். பாட்டைப் போட்டேன். கேபிளைச் சொருகினேன்.

திரையில் டிஸ்க் வந்தது. முதல் முயற்சியிலேயே வந்தது! விழுந்த டிஸ்க் அப்படி வராது. டிக்... டிக்... என்று அடித்துக்கொள்ளும், வரும், போகும், உயிரை வாங்கும். இது நல்ல பிள்ளையாக வந்து நின்றது. எண்கள் ஓட ஆரம்பித்தன. என் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

1:50. டிஸ்க்கின் நீல விளக்கு எரியவில்லை என்று கவனித்தேன். பல்பு போயிருக்கும்.

1:58. பாட்டை நிறுத்தி, ஹெட்ஃபோனை ஒரு பக்கம் தூக்கினேன். டிஸ்க் சுற்றும் ரீங்காரம் கேட்கவில்லை. அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். ஆனால் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

2:03. தொட்டுப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஓடிய டிஸ்க் சுடும். இது சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்... சில்லென்று.

ஓடும் டிஸ்க் எதுவும் லேசாக அதிரும். அதன் மேல் எதையும் நிற்க வைக்க முடியாது. பேனா மூடி ஒன்றை எடுத்து அதன் மேல் செங்குத்தாக நிறுத்தினேன்.

நின்றது.

2:17. எண்கள் நின்றன. மொத்த டிஸ்க்கிலிருந்தும் ஒரே ஒரு ஃபைல் வந்திருந்தது. உடைந்த டிஸ்க்கிலிருந்து வரும் ஃபைல்களுக்குப் பெயர் இருக்காது, அது எப்போதும் தொலைந்துபோகும். இதற்குப் பெயர் இருந்தது. நோட்டு 117. நீளம் பதினோரு நிமிஷம், இருபது நொடி.

2:20. ஓடவிட்டேன்.

“நோட்டு நூத்திப் பதினேழு...”

மொட்டை. ஐந்து மாதம் கழித்து, என் இரண்டு காதுக்கும் நடுவில், மொட்டை. தொண்டையைச் செருமிக்கொண்டான். நடந்துகொண்டே பேசும் அந்தச் செருப்புச் சத்தம்.

“துண்டை முன்னாலேர்ந்து தேடினா வேலைக்காகாது. கடைசித் துண்டைப் பிடி. அங்கேர்ந்து பின்னால வா. அவ்வளவுதான், முடிஞ்சுது. சாஃப்ட்வேர் முடிஞ்சுடுச்சுடா சாமி.”

கடைசித் துண்டைப் பிடி. பின்னால் வா. போன மாதம் இதையே பலகையில் படம் போட்டு எனக்கு விளக்கினான் கெஞ்சல். “குளிக்கும்போது தோணிச்சுடா,” என்றான். அதற்குத்தான் வேலை கொடுத்தார்கள். அதற்குத்தான் நான் கேக் வாங்கினேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் எரிய வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்புதான் வரும்.

“அம்மா... அந்த ஃபேனை ரெண்டுல வைங்கம்மா. பேப்பர் பறக்குது,” என்றான் மொட்டை. பிறகு எதுவும் இல்லை. அதுவரை ஓடியது நான்கு நிமிஷம் பன்னிரண்டு நொடி.

ஃபைல் ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்தாவது நிமிஷம். திருகு கழலும் சத்தம். க்ரீச்... க்ரீச்... யாரோ பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார்கள். பிறகு மூச்சு. மைக்குக்கு மிக அருகில். காதோடு காது ஒட்டியதுபோல.

“மொட்டை...”

அது கெஞ்சலின் குரல்.

“எந்திரிக்காதடா. ப்ளீஸ்டா. எந்திரிக்காத. உன்னை நான் எதுவுமே கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும்... எந்திரிக்காத.”

டொக்.

டொக்.

டொக்.

பிறகு, மணல் சரிவது போல... ஸ்ஸ்ஸ்...

இந்த டிஸ்க்கை உடைக்கும் சத்தம், இந்த டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. யார் பதிவு செய்தது?

2:29.

“டேய் ஜோக்கர்.”

மொட்டை.

“சிரிக்காத.”

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். முகம் அப்படியே உறைந்துபோயிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தேன்.

குரல் நிற்கவில்லை.

“காதுல வச்சியா?”

மேஜையிலிருந்து வந்தது.

“நீ வைக்கல... அவன் வச்சான்டா. வச்சுக் கேட்டான். கேட்டுட்டுதான் அடிச்சான்.”

பேனா மூடி விழுந்தது. டிக்.

2:31. திரையில் ஒரு வரி. டிஸ்க் எதுவும் இணைக்கப்படவில்லை.

படிக்கட்டில் நாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதைப் பதிவு செய்ய சாஃப்ட்வேர் இல்லை.

ஐந்து மணிக்கு அக்கா வந்தார். காப்பி எடுத்த ஃபைலைத் திறந்தேன். நீளம் நான்கு நிமிஷம் பன்னிரண்டு நொடி. அதற்கு மேல் எதுவும் இல்லை. திருகு இல்லை, கெஞ்சல் இல்லை, டொக் இல்லை. மொட்டை மட்டும் இருந்தான்.

அக்கா அம்மாவுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார். “அந்த ஃபேனை ரெண்டுல வைங்கம்மா,” என்றான் மொட்டை.

ஃபோனுக்குள்ளிருந்து அவன் அம்மா உடனே சொன்னார்: “வச்சுட்டேன்டா கண்ணா.”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேபிளைச் சுற்றினேன். சுற்றிய கேபிளைப் பிரித்து மறுபடி சுற்றினேன்.

“கெஞ்சல்கிட்டயும் சொல்லிடு தம்பி. ரொம்பச் சந்தோஷப்படுவான்,” என்றார் போகும்போது. டிஸ்க்கை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

இரவு கெஞ்சலுக்கு ஃபோன் செய்தேன். நாலு பக்கக் கட்டுரைக்கு வேண்டிய வசவுகளை யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“காதுல வச்சியாடா?”

எதை என்று அவன் கேட்கவில்லை. பெட்டியின் ஜிப் பாதியில் நின்ற சத்தம் கேட்டது. பிறகு, மிக மெதுவாக:

“யாரு சொன்னா?”

நான் வைத்துவிட்டேன். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. விடியற்காலையில் போய்விட்டான். ஏர்போர்ட்டில் எடுத்த ஃபோட்டோவை எங்கள் பழைய குரூப்பில் போட்டிருந்தான். மூன்று பேர் குரூப். அதில் ஒருவன் இல்லை. இன்னொருவன் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். ஹெட்ஃபோன் இல்லாமல் அதைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. உள்ளே ஏதோ சரிந்தது.

ஸ்ஸ்ஸ்...

பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். உள்ளே உலோக மூடியில் மூன்று குழிகள், வட்டமாக, பக்கத்தில் பக்கத்தில். எங்கள் கடைச் சுத்தியலை எடுத்து வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

மூடியைத் திறந்தேன்.

சின்ன ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் உள்ளே இருக்கும் தட்டு கண்ணாடியால் ஆனது. நாம் சேமிப்பதெல்லாம் அந்தக் கண்ணாடி மேல்தான் இருக்கும். காதில் வைத்துச் சாய்த்தால் உடைந்த கண்ணாடி மணல்போலக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் யாரும் கேபிளைச் சொருகவே மாட்டார்கள். பிரயோஜனம் இல்லை.

வெள்ளைத் தாளில் கொட்டினேன். சர்க்கரை கொட்டுவதுபோலக் கொட்டியது. நகக்கண் அளவுக்குக்கூட ஒரு துண்டு இல்லை. வெறும் தூள். அன்றைக்கு மதியம் 1:42 முதல் 2:31 வரை நான் படித்தது இந்தத் தூளைத்தான்.

இதிலிருந்து எதையும் மீட்க முடியாது. யாராலும் முடியாது. மொட்டையின் சாஃப்ட்வேராலும் முடியாது.

தூளை ஒரு பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை ஒரு கணக்கு வாத்தியார் தன் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். பேரன் தண்ணீரில் போட்டுவிட்டானாம். ஏதோ ஒரு தாளைக் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்து வரச்சொல்லி அவரைக் கீழே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். ஹெட்ஃபோனை ஆணியில் மாட்டினேன்.

டிஸ்க்கை எடுத்துக் காதில் வைத்தேன். மெல்ல இந்தப் பக்கம் சாய்த்தேன். அந்தப் பக்கம் சாய்த்தேன்.

“எந்திரிங்க...” என்றேன். “ஒரே ஒரு தடவை.”