ஏர் ஃபில்டருக்குச் சந்தனக் காப்பு

எனக்கு எழுபத்தோரு வயது. பெற்றது மூன்று. நாத்தனார் மகளையும் சேர்த்து வளர்த்தது நான்கு. நாலு பேரையும் கரையேற்றியது என் கையிலிருந்த வாட்டர் பேப்பர். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, அது காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளைத்தான் ஷெட்டில் அப்படிச் சொல்வோம். திருவொற்றியூரில் தாஸ் மெக்கானிக்கின் ஷெட்டில் அந்த வேலைக்கு இருந்த ஒரே பொம்பளை நான். நான் தேய்த்துக் கொடுத்த கதவுக்குப் பெயிண்ட் அடித்தால் அதில் பார்த்துத் தலை வாரலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக ஒன்றை எழுதி வைக்கிறேன். ரெண்டாயிரத்துக்கு முன்னே பின்னே நடந்தது.

1. வளையலோடு தொடக்கூடாத கார்

செல்வம் என்று ஒரு தம்பி. வண்ணாரப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு ஒரே பிள்ளை. அவனிடம் ஒரு சின்ன சிவப்புக் கார் இருந்தது. வாங்கும்போது எல்லாக் காரையும் போலத்தான் இருந்தது. தாஸும் அவனும் சேர்ந்து ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு இறக்கினார்கள். அகல டயர், அலாய் வீல், பெரிய சைலன்சர், வேறு கார்புரேட்டர் எல்லாம் வந்தது. பழைய ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினார்கள். சுற்றிலும் மெல்லிய வலைத் துணி, தலையில் பளபளவென்று ஒரு மூடி. வண்டி அது வழியாகத்தான் காற்றை இழுக்கும். பார்க்கக் கோயில் கலசம் போல இருக்கும்.

அந்தக் காருக்குச் செல்வம் போட்ட சட்டம் கொஞ்சநஞ்சமில்லை. கழுவ ரெண்டு பக்கெட் வேண்டும், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி அலச. எண்ணூர்ப் பக்கம் போய்வந்தால் உப்புக் காற்றுக்காக முதலில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். வளையல் போட்ட கை பெயிண்டில் படக்கூடாது. என் வீட்டுக்காரர் அடகுக்குக் கேட்டும் கழற்றாத வளையலை அந்தக் காருக்காகக் கழற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், லாரிகள் வருவதற்கு முன்னால், கடலோர ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு ஷெட்டுக்கு வருவான். அப்போது அவன் முகத்தைப் பார்க்கணும், திருவிழாவுக்குப் போய்வந்த குழந்தை மாதிரி. ஆனால் வழியில் ஸ்பீட் பிரேக்கர் வந்தால் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். கூட யார் இருந்தாலும் இறங்கி நடக்க வேண்டும்.

"காரு உன்னைத் தூக்கினு போவுதா, நீ காரைத் தூக்கினு போறியா நைனா?" என்று தாஸ் கேட்பான்.

அண்ணாச்சிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "ஏலே, ஒரு அரிசி மூட்டை ஏத்த முடியாது, நாலு பேரு உக்கார முடியாது. இதெல்லாம் ஒரு வண்டியால?" கடைசியில் ஒரு பேச்சு வைத்தார். "விஜயதசமி அன்னைக்கு என்னையும் ஒங்க அம்மாவையும் எண்ணூர் குடோன் வரைக்கும் கூட்டிட்டுப் போ. வழியில நிக்காமப் போச்சுன்னா நீயே வச்சுக்கோ. நின்னுச்சுன்னா மறுநாளே வித்துரணும்."

செல்வம் சரி என்றான்.

2. பூஜையன்று

ஆயுத பூஜைக்குக் கார் எங்கள் ஷெட்டில் பாலிஷுக்கு நின்றது. செல்வம் கடைப் பூஜையில் மாட்டிக்கொண்டான். அவன் அம்மா மட்டும் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டார்கள். மகனுடைய கார் நிலைக்க வேண்டுமே என்ற கவலை அந்த அம்மாவுக்கு.

பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். "தம்பி, இதுல எது ரொம்ப முக்கியம்?"

தாஸ் கம்ப்ரசருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்து, "தோ, அந்தக் கூம்பு கீது பாரும்மா, அதான் வண்டிக்கு மூக்கு. மூச்சே அதுலதான். உன் புள்ள கொய்ந்தைய குளிப்பாட்றா மாரி அத்தக் குளிப்பாட்டுவான்" என்று சொல்லிவிட்டு மாலையைக் கட்டப் போய்விட்டான்.

அந்த அம்மா பக்தியோடு பூசினார்கள். நானும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு ஷெட்டில் ஜாக்கிக்குச் சந்தனம், பேட்டரிக்குச் சந்தனம், சுத்தியலுக்குக்கூடக் குங்குமம். மஞ்சளாக இல்லாத சாமான் எது?

3. விஜயதசமி

விடியற்காலையே செல்வம் வந்து, பானெட்டைத் திறக்காமல் காரை வீட்டுக்கு ஓட்டிப் போயிருந்தான். அன்று காலை பேருக்கு ஒரு கதவைத் தேய்க்கத் தொடங்கியிருந்தேன். சைலன்சர் சத்தம் கேட்டது. ஆனால் அது வழக்கமான சத்தம் இல்லை. இருமலும் கரும்புகையுமாக உருண்டு வந்து, எண்ணூர் வழியில் இருக்கிற எங்கள் ஷெட் வாசலில் நின்றேவிட்டது. முன்னால் அண்ணாச்சி, பின்னால் கால் மடக்கி அந்த அம்மா. செல்வத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

"நின்னுட்டுல்லா?" என்றார் அண்ணாச்சி. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

தாஸ் பானெட்டைத் திறந்தான். பிளக்கைக் கழற்றினான், கரி அப்பியிருந்தது. துடைத்துப் போட்டான். மிதிக்காமல் விட்டால் ஐடிலிங்கில் ஓடியது, ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்தது. பெட்ரோலை மோந்து பார்த்தான். கார்புரேட்டரைத் திருகினான். "இன்னாக்கா இது பேஜாரு" என்று என்னிடம் முனகினான். ஃபில்டர் அவன் மூக்குக்கு நேராக மஞ்சளாக இருந்தது. பூஜைக்கு மறுநாள் மஞ்சள் யார் கண்ணில் உறுத்தும்?

அந்த அம்மாவும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். "பாருங்க, நேத்து மூக்குக்கு நான் போட்ட சந்தனம் அப்படியே இருக்கு. ஒரு துளி உதிரலை" என்றார்கள்.

தாஸும் செல்வமும் நானும் அப்போதுதான் பார்த்தோம். வலையில் ஒரு கண் விடாமல் சந்தனம் அடைத்துக் காய்ந்திருந்தது. கார் எங்கிருந்து மூச்சு விடும்?

தாஸ் வாயைத் திறந்தான். செல்வம் அவன் கையைப் பிடித்து அழுத்தினான். "பிளக் போயிருச்சுப்பா. நின்னது நின்னதுதான். நாளைக்கே வித்துருதேன்" என்றான்.

அம்மாவின் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறான். அண்ணாச்சி கிண்டல் பிடித்த மனுஷன், தெரிந்தால் ஆயுசுக்கும் அந்த அம்மாவைச் சொல்லிக் காட்டுவார். வளையல் படவிடாமல் வளர்த்த காரை அம்மாவுக்காக ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டான்.

ஆனால் அந்த அம்மா மகன் முகத்தைப் பார்த்தார்கள், தாஸ் முகத்தைப் பார்த்தார்கள், ஃபில்டரைப் பார்த்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இது போதாதா?

"ஏங்க, வண்டி நிக்கலை. நாந்தான் நிப்பாட்டியிருக்கேன். மூச்சு விடுத இடத்துல சந்தனத்த அப்பி வச்சிருக்கேன்."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். விரலால் சுரண்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"அப்ப யாரை விக்கச் சொல்லுத? வண்டியையா, ஒன்னையா?"

"என்னைய வித்தா ஒங்களுக்கு யாரு காப்பி போடுவா?"

"அதுஞ் சரிதான். ஏலே, மறுபடி மொதல்லேருந்து போவம். இது கணக்குல வராது."

ஆனால் சந்தனத்தை யார் கழுவுவது? சாமிக்கு வைத்ததை விஜயதசமி அன்று அழிக்கத் தாஸுக்குக் கை வரவில்லை. நான் ஃபில்டரைக் கழற்றி அந்த அம்மா கையிலேயே கொடுத்தேன். "காப்பு சாத்தினா அபிஷேகமும் பண்ணித்தான ஆவணும்? நீயே பண்ணும்மா" என்றேன். உள்பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் தண்ணீர் ஓடி முடிந்ததும் வெயிலில் வைத்தோம். ஈரம் போகும்வரை அண்ணாச்சி ஆயில் டிரம் மேல் உட்கார்ந்து டீ குடித்தார். ஃபில்டர் இல்லாமல் போனால் என்ன என்று கேட்டார். எண்ணூர் ரோட்டுத் தூசி அத்தனையும் எஞ்சினுக்குள் போய்விடும் என்று தாஸ் விடவில்லை. காய்ந்த பிறகு வலைக்கு ஆயில் தடவி மாட்டினான். ஒரு உறுமல் உறுமியது. போனார்கள்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். செல்வம் காரைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றான்.

"எங்கயும் நிக்கலை. ஆனா ஒரு குறை" என்றார் அண்ணாச்சி. "முன்னால ஒரு கண்டெய்னர் லாரி போச்சு. இவன் கடைசி வரைக்கும் அது பின்னாலேயே உருட்டுதான். இம்புட்டுச் சத்தம் போடுத வண்டிய வச்சுக்கிட்டு ஒரு லாரியத் தாண்ட மாட்டியால? ஏறு, இன்னொரு தரம் போவம்."

அந்த அம்மா ஏறவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச டீயைக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் பூஜைக்கு முன்னால் ஏர் ஃபில்டருக்குப் பிளாஸ்டிக் கவர் கட்டிவிடுவோம். பிள்ளைகளே, கஸ்டமர் வீட்டு ஆட்கள் வந்து "இதில் எது முக்கியம்" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அவ்வளவுதான். பேத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லணும். ஏ காவேரி, இங்க வா. ஆயா கிறுக்கினத ஒரு தபா படிச்சுக் காட்டு. அந்தம்மா பேசற எடத்த மட்டும் நல்லா நிறுத்திப் படிக்கணும், இன்னா?