குழி எப்படிக்கீது?

புதன்கிழமை காலை தறியில் உட்கார்ந்து மிதிகுழிக்குள் காலை விட்டேன். சில்லென்று ஈரம். குழி ஊறினால் தாமல் ஏரி தளும்புகிறது என்று அர்த்தம். என் வீடு கரைக்கு நேர் கீழே. உடைந்தால் முதலில் நனைவது தறி, அடுத்தது வேட்டி. பயத்தில் வேட்டி முந்திக்கொள்ளவும் கூடும். மாஜி என்று நாங்கள் கூப்பிடும் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டேன். அவர் மருமகள் எடுத்தாள்.

"மாமா போயிட்டாருண்ணா."

குழியிலிருந்து காலை உருவிக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஒரே தடவைதான் எம்.எல்.ஏ. சட்டசபையில் எங்கள் கரைக்காகப் பேசினார். பேப்பரில் வேறு யாரோ பேசியதாக வந்தது. "உடு, கரைக்குத் தெரியும்பா" என்று சிரித்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்கப்புறமும் மழைக்காலம் வந்தால் அவரிடமிருந்து போன் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் கிடையாது. எடுத்ததும், "குழி எப்படிக்கீது?"

ஒரு மழையில் குழி நிரம்பித் தண்ணீர் தரைக்கே வந்துவிட்டது. மனைவியையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி, அவர்களுக்கு முன்னால் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன். எதிரே மாஜி, கக்கத்தில் பாயோடு.

"எங்கப்பா கிளம்பிட்ட?"

"பயமா இருக்குது மாஜி."

"எனக்கு மட்டும் என்னவாம்? அவங்க மேட்டுல என் வூட்டுக்குப் போவட்டும். நீ எறங்கு, ரெண்டு பேரா பயப்படலாம்."

என் கையைப் பிடித்துக் கரைமேல் கூட்டிப்போனார். ஓரிடத்தில் மண் கரைந்து நீர் கசிந்தது. கத்தினோம். ஊரே மணல் மூட்டையோடு ஓடிவந்து அடைத்தது. மழை விடும்வரை என் வீட்டில்தான் பாய் விரித்துப் படுத்தார். அவர் படுத்த தைரியத்தில் தெருவில் யாரும் ஓடவில்லை. அவர் மட்டும் தூங்கவேயில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

மாஜியை அவர் குடும்ப வழக்கப்படி புதைத்தார்கள். மழையில் வெட்டிய இடத்தில் நீர் ஊறிக்கொண்டே வந்தது. என்னையும் அறியாமல், வெட்டுகிறவரிடம், "குழி எப்படிக்கீது?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் கரையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மழை இன்னும் விடவில்லை. இன்று காலை கரையோரத் தறி வீடுகளுக்கு நானே போன் போட்டேன். கடைசி வீட்டில் ஒரு பெண் எடுத்தாள்.

"குழி எப்படிக்கீதும்மா?"

"ஊறுதுண்ணா. வீட்டுல அவரும் இல்ல, பயமா இருக்குது."

"எனக்குந்தான். பிள்ளைங்கள மேட்டுக்கு அனுப்பு. வந்துக்கினே இருக்கேன்."

என்னிடம் அவர் விட்டுப்போனது அந்தக் கேள்வி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கிளம்பும்போது பார்த்தால், கக்கத்தில் பாய் இருந்தது.