ஓடைக்கரையில் இரண்டு கம்புகள்

மலேசியாவில், ரெம்பாவ் பக்கம் ஒரு கல்குவாரியில் எனக்கு வேலை. குவாரியின் கழிவுத் தண்ணீர் ஒரு குளத்தில் தேங்கி, சேறு அடியில் படிந்தபின், குழாய் வழியாக ஓடையில் விழும். அந்தக் குழாய்க்குக் கீழே மாதம் ஒருமுறை போத்தலில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தாளில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. செனாவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். படிப்பு பெரிதாக இல்லை என்றாலும் அந்தக் கையெழுத்து என்னுடையது.

தண்ணீர் பிடிக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சாயம் அடித்த கம்பு ஒன்றை நட்டிருந்தோம். ஒருமுறை பெருவெள்ளம் வந்து கரையோரம் இருந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. கம்பு மட்டும் அசையவில்லை. ஓடைக்கு அக்கரையில், பழைய ரப்பர் தோட்டத்தில் மிச்சமிருக்கும் சில குடும்பங்கள் அதற்கு மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழம், கற்பூரம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"அக்கா, இது சாமி இல்லலா. இலாகா சொல்லி நாங்க நட்ட கம்பு" என்றேன், அவர்களில் மாடு வளர்க்கும் ஒரு பெண்ணிடம்.

"யாரு நட்டா என்னா? ஊரே அடிச்சிக்கிட்டுப் போச்சு, இது நின்னுச்சில்ல?" என்றாள் அவள். அவள் மாடுகள் குடிப்பதும் கீரைப் பாத்திக்கு அவள் ஊற்றுவதும் அந்த ஓடைத் தண்ணீரைத்தான்.

இந்த ஆண்டு குளத்தில் சேறு வாரவே இல்லை. ஓடை தே தாரிக் பால்டீ நிறத்துக்கு வந்தது. சேறு வாரச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த தாள்கள் மேனேஜரின் டிராயருக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அந்த நேரத்தில்தான் சுற்றுச்சூழல் இலாகா வழக்கமான சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தது.

போன சோதனையில் நான் யோக்கியமாக நடக்கவில்லை. அன்று காலையிலேயே கல் அரைக்கும் மெஷினை நிறுத்தி, பாதை நெடுகத் தண்ணீர் லோரியை ஓட்டி, தூசியே இல்லாத குவாரியைக் காட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அதிகாரிகளுக்கு நாசி லெமாக் சோறு பரிமாறினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

இந்தத் தடவை மேனேஜர் கம்பிலேயே கைவைத்தார். குழாய்க்கு மேலே, மலைத்தண்ணீர் கண்ணாடியாக வரும் இடத்துக்கு அதை மாற்றச் சொன்னார். மண்வாரி ஓட்டுபவர் கம்பைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"சாமி கம்பு பாஸ். நான் புடுங்க மாட்டேன்லா. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளும் கிடைக்கவில்லை. கடைசியில் மேனேஜர் புதுக் கம்பு ஒன்றை மேலே நடவைத்தார். பழையதைத் தொட அவருக்கும் பயம். "பழசு சாமி கும்பிடுற கம்புன்னு சொல்லிக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அவர் சேறு கலந்த ஓடையில் மறைக்கப் பார்த்தார்.

சோதனைக்கு வந்த அதிகாரி புதியவர், மலாய்க்காரப் பெண். கரையில் நின்று இரண்டு கம்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். மேனேஜர் முந்திக்கொண்டு மேலே கைகாட்டினார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "மாதாமாதம் கையெழுத்துப் போடுவது நீங்கள்தானே? எந்தக் கம்பு?" என்று மலாயில் கேட்டார்.

மேனேஜரின் பார்வை என் கன்னத்தைச் சுட்டது. வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். பொய் சொல்லிவிட்டு அந்த மாட்டுக்காரி முகத்தில் நான் எப்படி விழிப்பது?

"கீழே இருப்பது. எலுமிச்சம்பழம் வைத்திருப்பது" என்றேன்.

அங்கே இறங்கித்தான் தண்ணீர் பிடித்தோம். போத்தலைத் தூக்கிப் பார்த்ததுமே அதிகாரி எழுத ஆரம்பித்துவிட்டார். குளத்தில் சேறு வாரி முடிக்கும்வரை ஓடையில் ஒரு சொட்டு விடக்கூடாது என்று உத்தரவு. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நேராகத்தான் விழுந்தது.

இலாகா வண்டி கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து நீ வராத."

"சரி பாஸ். கடுதாசி குடுங்க. எதுக்கு நிப்பாட்டுறீங்கன்னு அதுல எழுதுங்க. இலாகாவுல கேட்டா காட்டணும்."

அவர் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். என் பெயரை எழுதினார், தேதியைப் போட்டார். அதற்கப்புறம் பேனா நகரவில்லை. நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பரவால்ல பாஸ், மெதுவா எழுதுங்க" என்றேன்.

கடைசியில் பேனாவை மூடி, "போய் வேலையப் பாரு" என்றார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கெல்லாம் மோட்டாரைக் குவாரிக்குள் விட்டேன். அந்தக் கடுதாசி இன்னும் எழுதி முடியவில்லை.