காலனித் தெரு, கடைசி வீடு

அந்த வயல் விலைக்கு வந்திருப்பதை நான் போனில்தான் பார்த்தேன். நிலம், வீடு விற்கும் தளம் ஒன்றில் பூதலூர் என்று தட்டிவிட்டுச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரி: வாய்க்கால் பாசனம், வில்லங்கம் இல்லை, உரிமையாளர்கள் அமெரிக்காவில். படத்தின் மூலையில் நின்ற புளியமரத்தைப் பார்த்ததும் எந்த வயல் என்று தெரிந்துவிட்டது. அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நடவு நட்ட வயல் அது. அப்பா அங்கே பண்ணையாளாக இருந்து செத்தார். அவர்கள் இருவரும் அங்கே குனிந்ததால்தான் நான் நிமிர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன்.

அன்றைக்கே பேசினேன். பண்ணையாரின் மகன் மரியாதையாகத்தான் பேசினார். தை பிறப்பதற்குள் முன்பணம் கொடுத்தால் நிலம் எங்களுக்கு, இல்லாவிட்டால் தஞ்சாவூர் ரைஸ்மில்காரர் ஒருவர் காத்திருக்கிறார் என்றார். எங்களிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்று, என் கணவர் மஸ்கட்டில் வெல்டராக வெந்து சம்பாதித்துக் கட்டிய வீடு. அதை விற்கலாம் என்றதும் அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வீடு எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், அந்த வயல் இன்னொரு தடவை விலைக்கு வராது, அதுவரை அம்மா வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று நானே பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் காபியைக் குடித்துவிட்டு, "சரி, தரகரக் கூப்பிடு" என்றார்.

தரகர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், மொட்டை மாடிக்கு ஏறினார், அருமையான வீடு என்று நாலு தடவை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, விளம்பரத்தில் தெருப் பெயர் வேண்டாம் என்றார்.

"மெயின் ரோட்டுக்குப் பக்கம்னு மட்டும் போடுவோம் டீச்சர். வந்து பாத்தா வீடே பேசிடும்."

வீடு பேசவில்லை. போன்தான் பேசியது. கூப்பிட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது கேள்வியாக எந்தத் தெரு என்றார்கள். காலனித் தெரு என்றதும் வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் இன்னும் கலந்துகொண்டேதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. நேரில் வந்த ஒருவரோ தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சோறும் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார்த்திகை பிறந்ததும் தரகர் தனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் வாங்கிக்கொள்வார் என்று ஒரு விலை சொன்னார். அடிமாட்டு விலை. இந்தத் தெருவுக்கு இதற்கு மேல் வராது என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தார். அந்தத் தலை குனிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம் என்று தரகரை அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு மழை விடாமல் கொட்டியது. இந்த ஊரில் வீடு விற்பவர்கள் எல்லோரும் சித்திரை வெயிலில் எடுத்த படத்தைத்தான் போடுவார்கள். வாங்குகிறவனுக்கோ, மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருமா என்பதுதான் பெரிய பயம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று படம் எடுத்தேன். தெருவில் கணுக்கால் தண்ணீர், முதல் படி முழுகிக் கிடந்தது, மேலே வாசல் காய்ந்திருந்தது. வாசலில் நின்ற என் கணவர், "நனையிற வீட்ட எவன் வாங்குவான்?" என்றார். அவரும் படத்தில் விழுந்துவிட்டார், கைலியோடு. வெட்டவில்லை, அப்படியே போட்டேன்.

பிறகு எழுதினேன். மாணவர்களுடைய கட்டுரை எத்தனையோ திருத்தியிருக்கிறேன், இவ்வளவு கோபத்தோடு எதையும் எழுதியதில்லை. முதல் வரியே, 'காலனித் தெரு, கடைசி வீடு.' அடுத்து, 'அடைமழையில் தெருவில் தண்ணீர் நிற்கும், வீட்டுக்குள் வராது. படம் இன்று எடுத்தது.' 'போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாம், நாங்கள் குடிக்கிறோம்.' 'ரயில் சத்தம் கேட்கும்.' 'சமையலறை சின்னது, அதில் ஒரு சீமந்தத்துக்கே சமைத்திருக்கிறேன்.' விலையை ஒளிக்காமல் போட்டேன். கடைசியில், 'யார் வேண்டுமானாலும் வாங்கலாம்' என்று முடித்தேன். என் கணவர் படித்துவிட்டு, விளம்பரமா வாக்குமூலமா என்று கேட்டார்.

போன் அடங்கிவிட்டது. கார்த்திகை முழுக்க ஒருவரும் கூப்பிடவில்லை. நான் வெளியில் திமிராகத்தான் இருந்தேன். உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது. அந்த வயல் கையைவிட்டுப் போனால் அதற்குக் காரணம் என் வாய்தான் என்று தோன்றும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மார்கழியில் ஒரு பெண் கூப்பிட்டாள். குவைத்தில் நர்ஸ், விடுமுறையில் வந்திருக்கிறாள். தெருவைக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தன் அப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்தில் சிறிய சிலுவை. அவள் அப்பா மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துப் பார்த்தார், சுவரில் ஈரம் ஏறிய கறை இருக்கிறதா என்று முட்டி போட்டுத் தேடினார். படத்திலிருந்த கைலிக்காரர் இவர்தானா என்று என் கணவரைக் காட்டிக் கேட்டார். எல்லாம் விளம்பரத்தில் இருந்தபடியே இருக்கிறது, சமையலறை மட்டும் அவ்வளவு சின்னதாக இல்லை என்றார். அதற்காக விலையை ஏற்றவா என்று நான் கேட்டேன், சிரித்துவிட்டார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்:

"டவுன்ல எத்தனையோ வீட்டுக்குப் பேசினோம்க்கா. வீட்டப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி எங்களப் பத்தித்தான் கேட்டாங்க. எந்த ஊரு, எந்தத் தெரு, என்ன ஆளுங்கன்னு. உங்க விளம்பரத்துல கடைசி வரியப் படிச்சதும், இங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுது."

போனில் எங்களைக் கேட்ட அதே கேள்வியை, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க வந்தவளையும் கேட்டிருக்கிறார்கள். உட்காரச் சொல்லிக் காபி போட்டுக் கொடுத்தேன். நான் போட்ட விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை அவர்கள். தரகருக்கு என் கணவரே போன் செய்து, எங்கள் தெருவுக்கு என்ன விலை வந்தது என்று நிதானமாகச் சொன்னார். அன்று அவர் தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மஸ்கட்டிலிருந்து முதன்முதலாக டேப்ரிக்கார்டரோடு வந்து இறங்கியபோதுகூட அப்படி நடக்கவில்லை.

தை பிறப்பதற்குள் முன்பணம் போய்ச் சேர்ந்தது. பங்குனியில் வயலை அம்மாவின் பெயரில் பதிவு செய்தோம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் பெருவிரலை ஊன்றி அழுத்திவிட்டு, மையைத் துடைக்காமலே பஸ் ஏறினாள். சாயங்காலம் வயல் வரப்பில் அவளை நிறுத்திவிட்டுப் போனில் அந்தத் தளத்தைத் திறந்தேன். வயலின் விளம்பரத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஏதோ போட்டிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். விற்கப்பட்டது என்று போட்டிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டினேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்திருந்தது. அவள் கண் தெளிவாகத்தான் இருந்தது. போனை என் கையிலிருந்து வாங்கி, படத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வித்தாச்சுன்னு போட்டிருக்காங்க, சரி. வாங்கினது யாருன்னு போடலியே" என்றாள். "போடச் சொல்லு."