குழாயடி வைவா

அறிக்கையில் ஒட்டியிருக்கும் புகைப்படங்களை உரித்தெடுத்து இழுப்பறைக்குள் போட்ட பிறகுதான் ராஜலக்ஷ்மி படிக்கத் தொடங்குவார். "சிரிச்ச மூஞ்சிக்கெல்லாம் நான் மார்க் போடறதில்லே, பத்ரி சார்."

பெங்களூர்க் கல்லூரியொன்றின் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க ஏதாவதொரு சந்தில் சேவை செய்ய வேண்டும். அதில் அவர்கள் என்ன கற்றார்கள் என்று மதிப்பிடுவது இவர் வேலை. உடன் மதிப்பிடும் கணக்காசிரியர் பத்ரிநாத்துக்கு எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று கூட்டினால் போதும். ராஜலக்ஷ்மிக்குப் போதாது. "செஞ்சது இருக்கட்டும், எங்கே சொதப்பினே, அதைச் சொல்லு" என்பார். அவருடைய ரசத்தைப் பற்றி மட்டும் யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் அபினவ் என்ற மாணவனின் அறிக்கை வந்தது. விவேக் நகரில் மாலை வகுப்பு, தினமும் கொட்டகை நிறையப் பிள்ளைகள். பத்ரிநாத் அப்போதே மனத்துக்குள் தொண்ணூறு மார்க் போட்டுவிட்டார். வாய்மொழித் தேர்வான வைவாவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ராஜலக்ஷ்மி பத்ரிநாத்தையும் அபினவையும் ஆட்டோவில் ஏற்றி நேரே கூட்டிப்போனார். தேறாவிட்டால் அபினவுக்குக் கையிலிருக்கும் சாஃப்ட்வேர் வேலை போய்விடும்.

கொட்டகைப் பூட்டில் துரு.

"பசங்க வந்தாங்களா?"

"இல்ல மேடம். அந்த நேரத்துலதான் தண்ணி விடுவாங்க. எல்லாரும் குடத்துக்குக் காவல் நிப்பாங்க. மொதல்ல எனக்கு அது தெரியல."

"அப்புறம் ஏன் பொய்?"

"யாரும் வரலேன்னு எழுதினா ஃபெயில்னு நெனச்சேன்."

"சரி, யாரும் வரலே. நீ என்ன பண்ணே?"

பதிலை முந்திக்கொண்டு குழாயடியிலிருந்து ஒரு குரல் வந்தது. வரிசையின் முன்னால் நின்ற சரசு.

"ஏ கண்ணாடி! எங்கடா போய்த் தொலைஞ்சே? வரிசையில நின்னு சொல்லிக்குடுத்த வாய்ப்பாட்டைப் பாதியில வுட்டுட்டே, எம் பொண்ணு ஏழுலயே நிக்கிறா! பேகா வா, சீக்கிரம் குடத்தைப் புடி!"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அபினவ் மேடத்தை மறந்து ஓடினான். குடத்தைப் பிடித்தபடியே, "ஏழெட்டு?" என்றான். வரிசை நெடுகக் குடங்களுக்குப் பின்னாலிருந்து, "அம்பத்தாறு!" என்று கிளம்பியது. பத்ரிநாத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருட வகுப்பறையில் அவருக்கு இப்படியொரு பதில் வந்ததில்லை.

"பொய் எழுதியிருக்கானே, மேடம்?"

"அதைக் கிழிச்சுட்டு இதை எழுதிக் கொடுக்கட்டும். இதுக்குத்தான் மார்க்."

"எவ்வளவு போடலாம்?"

"நீங்களே போடுங்க சார், எனக்குக் கை ஒழியலே" என்ற ராஜலக்ஷ்மி, கஞ்சி மொடமொடக்கும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சரசுவின் அடுத்த குடத்தைக் குழாய்க்கு நேரே நகர்த்தினார்.