உளுந்து வாங்க ஆளில்லை என்று சொல்ல நன்னிலம் போனேன்

உளுந்துக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட தில்லி அதிகாரிக்கு, காவிரிப் பாசனத்தில் உளுந்தை எப்போது விதைக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்தே போட்டார் என்றால் அது இன்னும் மோசம்.

விருதுநகரில் ஒரு பருப்பு மில்லுக்குப் பதினெட்டு வருஷம் உளுந்து வாங்கிக் கொடுத்தவன் நான். உளுந்து அறுவடை முடிந்ததும் லாரியோடு நன்னிலம் பக்கம் வருவேன். இந்த வருஷம் தை மாதமே வந்தேன், தனியாக. லாரி இல்லை, சாக்கு இல்லை, மில்லும் ஓடவில்லை. பர்மா உளுந்து வரியில்லாமல் துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கேயே உடைத்து மூட்டை போட்டுவிடுகிறார்கள். எங்கள் முதலாளி மெஷினின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் பதினோரு பேரும் பட்டாசு வேலைக்குப் போய்விட்டார்கள். வரி திரும்ப வரும், மில் ஓடும் என்று நான் மட்டும் காத்திருந்தேன். போன வாரம் வரிவிலக்கை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டார்கள்.

காலை ஆறரை. கும்பகோணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டல். நாலு இட்லி நாற்பது ரூபாய்.

“உளுந்து எந்த ஊருங்க?” என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன்.

“ஏன், இட்லி நல்லா இல்லையா?”

“சும்மாதான் கேட்டேன்.”

“பர்மாங்க. கிலோவுக்கு இருபது ரூவா கம்மி.”

“அப்ப இட்லி வெல ஏன் எறங்கல?”

“சிலிண்டர் என்ன வெலன்னு கேளுங்களேன்” என்று சிரித்தார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கும் இதில் குறை சொல்ல யோக்கியதை இல்லை. நான் ஒண்டி ஆள். மாதத்துக்கு அரை கிலோ உளுந்து போதும். மளிகைக் கடையில் என் கையும் விலை குறைந்த பாக்கெட்டைத்தான் எடுக்கிறது.

ஏழே காலுக்கு நன்னிலம் பஸ். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். இரண்டு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்து கிடந்தது. நின்ற ஊர்களில் எல்லாம் விசா, டிராவல்ஸ் என்று போர்டு. பக்கத்து சீட்டு கடைசிவரை காலியாகவே வந்தது.

நன்னிலத்தில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். ஒன்பது மணிக்கு, வருஷா வருஷம் நான் உளுந்து வாங்கும் செல்வி வீட்டு வாசலில் நின்றேன். செல்வி மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பயிர் செய்கிறவள். நெல் விற்ற பணம் குத்தகைக்கும் உரத்துக்கும் போய்விடும். உளுந்துதான் அவளுக்கு மிஞ்சுவது. புருஷன் முருகையன் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருக்கிறான்.

“வாங்கண்ணே! என்ன, தையிலயே வந்துட்டீங்க? உளுந்து இன்னும் வெதையா மூட்டையில கெடக்கு.”

சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்: “நல்ல நேரத்துல வந்தீங்க. அவருக்கு இன்னிக்கோட கான்ட்ராக்ட் முடியுது. மறுபடி போடறியா, ஊருக்குப் போறியான்னு கம்பெனியில கேக்குறான். நீங்க உளுந்து எடுத்துக்குவீங்கன்னா வந்துடச் சொல்லிடுவேன். இன்னும் ரெண்டு ஏக்கர் சேத்துப் புடிச்சு இங்கயே பொழச்சுக்கலாம்னு பேசி வெச்சிருக்கோம்.”

போனிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, அதனால்தான் இத்தனை தூரம் வந்தேன். மில் மூடியதைச் சொன்னேன். அவள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு, “அண்ணன் வந்திருக்காரு, இந்த வருஷம் எடுக்க மாட்டாராம்” என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்ன மில்லுக்காரரே, எங்க உளுந்து கசந்துடுச்சா?” என்றான் முருகையன்.

“மில்லே இல்ல தம்பி.”

“வேற யாரும் எடுக்க மாட்டாங்களா?”

“எடுப்பாங்க. பர்மா வெலைக்குத்தான் கேப்பாங்க.”

“அந்த வெலையில பறிக்கிற கூலியாச்சும் தேறுமா?”

அங்கே ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“சரி செல்வி. கையெழுத்துப் போட்டுடறேன். ரெண்டு வருஷந்தான்.”

“போன தடவையும் அதான் சொன்னீங்க” என்றாள். போனை வைத்தாள்.

பத்து மணிக்கு விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாள். எனக்குப் புரியவில்லை.

“வெல இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா தெளிக்கிற?”

“வெள்ளிக்கெழம அறுப்பு மெஷின் வருதுண்ணே. அதுக்கு முன்னாடி வெத மண்ணுல கெடக்கணும். வெல சொன்னப்புறம் தெளிக்கிறேன், அதுவரைக்கும் காயாம இருன்னு வயல்கிட்ட சொல்லவா?”

இங்கே உளுந்துக்கு உழவு கிடையாது. நெல் நிற்கும்போதே அதற்குள் இறங்கி வீசுகிறார்கள். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. அந்த ஈரம் ஒரு வாரம்கூட நிற்காது. செல்வி இடுப்பளவு நெல்லை விலக்கிக்கொண்டு போனாள். விதை தாளில் பட்டு விழும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் அவள் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. நான் வரப்பில் நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை. சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன்.

இரண்டு மணி பஸ்ஸில் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் மானாவாரி. மழை இல்லையென்றால் விதையை வீட்டில் வைத்துக்கொள்வோம். செல்விக்கு அந்த வசதியும் கிடையாது.

கையெழுத்துப் போட்ட அதிகாரியே, வரியை ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓட்டல்காரருக்கும் எனக்கும் விலை குறைந்த உளுந்து வேண்டும்தான். தெளிப்புக்கு முன்னால், மார்கழியிலேயே, அடுத்த வருஷம் வரி உண்டா இல்லையா என்று உங்களால் ஏன் சொல்ல முடியவில்லை? சொல்லியிருந்தால் ஒருவன் ஊருக்கு வருவதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு மாதமாவது கிடைத்திருக்கும். கடிதம் எழுத வேண்டாம், இணையத்தில் போட வேண்டாம். நன்னிலம் கடைத்தெருவுக்கு வந்து, ஒரு மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.