கரை இல்லாத பட்டு

கோவையில் வசதியானவர்கள் கல்யாணப் பட்டு எடுக்கும் கடை அது. ஃபேஷன் டிசைன் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். அதே மாதம் புது டிசைனரும் வந்தார். மிலானில் படித்தவர். காலங்காலமாகத் தரையில் விரித்திருந்த வெள்ளை மெத்தையைச் சுருட்டச் சொன்னதுதான் அவருடைய முதல் வேலை. அலமாரிகளும் போயின. சிமென்ட் நிறச் சுவர், ஒற்றை நாற்காலி, கம்பியில் தொங்கும் சில பட்டுகள், அவ்வளவுதான். எதிலும் ஜரிகை இல்லை, கரைகூட இல்லை.

"இனிமே நம்ம அடையாளமே அமைதிதான்" என்றார். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், பார்த்தவர்களிடமெல்லாம் ஓயாமல் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

முதலாளி மட்டும் ஒன்று சொல்லிவிட்டார். "முதல் கல்யாண பார்ட்டி வெறுங்கையோட போச்சுன்னா, மறுபடி மெத்தையை விரிச்சுப்போடுவேனுங்க மேடம்."

அந்த முதல் பார்ட்டி தொண்டாமுத்தூரிலிருந்து வேனில் வந்தது. கல்யாணப் பெண், அவள் பெரியம்மா, பின்னால் சொந்தபந்தம். எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு மரியாதையாக இருக்காதே!

"ஏனுங்க, சரக்கு இன்னும் வரலீங்களா?" என்றார் பெரியம்மா.

"இவ்வளவுதாங்க கலெக்‌ஷனே" என்றார் டிசைனர்.

பெரியம்மாவின் முகம் இளகிவிட்டது. முதலாளியை ஓரமாகக் கூப்பிட்டு, "யாவாரத்துல ஏதாச்சும் சிரமம்னா சொல்லுங்க. நாமெல்லாம் எதுக்கு இருக்கறோம்?" என்றார். முதலாளி மெத்தை கிடந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் கல்யாணப் பெண் தானே ஒன்றை உருவியெடுத்திருந்தாள். "பெரீம்மா, இதுங்க."

"என்ன கண்ணு, சாம்பலாட்டம் இருக்குது?"

வெயிலில் காட்டாமல் பட்டு எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. டிசைனர் வாய் திறப்பதற்குள் புடவை வாசலைத் தாண்டிவிட்டது. வண்டிகளுக்கு நடுவே ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தார்கள். ஒரு முனை வாட்ச்மேன் கையில். சாம்பலுக்குள்ளிருந்து மயில்கழுத்து நிறம் எட்டிப் பார்த்தது. கடைக்குள் போட்டிருந்த விலையுயர்ந்த விளக்குகளில் ஒருநாளும் தெரியாத நிறம். "மண்ணுல படப்போகுது!" என்று பதறி ஓடிவந்த டிசைனர் அப்படியே நின்றுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது அம்மணி" என்று அவரிடம் சொன்னார் பெரியம்மா. "கரை மட்டும் வெச்சு இதே மாதிரி ஒண்ணு நெய்து குடுங்க. இப்படியே மணவறையில உக்கார வெச்சா, துணி பத்தலீங்களான்னு மாப்பிள்ளை ஊட்டுல கேப்பாங்க."

"கரை வெச்சா அது என் டிசைனே இல்லைங்க."

பெண் புடவையை விடாமல் பிடித்திருந்தாள். பெரியம்மா நான்கு விரல்களைச் சேர்த்து நீட்டினார். "இத்தனை அகலம் போதுமுங்க."

டிசைனர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு அதில் இரண்டு விரல்களை மடக்கிவிட்டார். "இவ்வளவுதான். ஜரிகை கிடையாது."

பெரியம்மா ஒரு விரலை மறுபடி நிமிர்த்தினார்.

டிசைனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மூணு. முதல்ல அதை உள்ள கொண்டு வாங்க, வெயில்ல வெளுத்துடும்."

"இருங்க அம்மணி, வேன்ல இருக்கற பொண்ணோட சித்தி இன்னும் பாக்கலீங்க."